முப்பது பெரிதா, இருபது பெரிதா?

தென்காசிப் பக்கம் ஒரு கல்வியியல் கல்லூரி. கணித ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர்களுக்குப் பேராசிரியை ஞானசுந்தரி ஒரு போட்டி வைத்தார். செல்போனில் மூன்று நிமிடக் கதைப்படம் எடுக்க வேண்டும். அதைப் பார்க்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு, நான்கில் ஒன்றைவிட மூன்றில் ஒன்று பெரிது என்பது மண்டையில் ஏற வேண்டும். நான்குதான் பெரிய எண், ஆகவே நான்கில் ஒன்றுதான் பெரிது என்று சாதிக்காத பிள்ளை உண்டா? எந்தப் படம் நன்றாகக் கற்பித்ததோ, அதை எடுத்தவர், தான் பாடம் நடத்திப் பழகப்போகும் பள்ளியை மற்றவர்களுக்கு முன்பே தேர்ந்தெடுக்கலாம்.

கடைசியில் இருவர் மிஞ்சினார்கள். ரைஹானாவுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. அவள் வீட்டிலிருந்து ஆறு நிமிட நடையில் ஒரு பள்ளி இருந்தது. அது கிடைக்காவிட்டால் பிள்ளையை விட்டுவிட்டு நாள் முழுக்க பஸ்ஸில் அலைய வேண்டும். அவள் படத்தில் பேராசைக்காரன் ஒருவன், தர்பூசணியை மூன்று பேர் பங்கிடும் வீட்டை விட்டு நான்கு பேர் பங்கிடும் வீட்டுக்கு ஓடி ஏமாறுவான். நடுவே அவள் குழந்தையின் அழுகையும் பதிவாகியிருந்தது.

இளவழுதிக்கும் அதே பள்ளி மேல்தான் கண். படம் காட்டப் பெரிய திரை அங்கேதான் இருந்தது. பதினொரு நாள் உட்கார்ந்து பொம்மைகளை ஆடவைத்துப் படம் எடுத்திருந்தான்.

இரண்டு படங்களையும் ஒரு பள்ளியில் வேறு வேறு ஆறாம் வகுப்புப் பிரிவில் காட்டிக் கேள்வி கேட்டார்கள். ரைஹானாவின் வகுப்பில் முப்பது பேர் சரியாகச் சொன்னார்கள், இளவழுதியின் வகுப்பில் இருபது பேர். முதலிடம் ரைஹானாவுக்கு என்றார் பேராசிரியை. எல்லாரும் கைதட்டினார்கள்.

ரைஹானா எழுந்தாள். "மேடம், என் வகுப்புல நாப்பது பேரு. அவர் வகுப்புல இருபத்துநாலு பேருதான். நாப்பதுல முப்பதவிட இருபத்துநாலுல இருபதுதான் பெரிசு. ஜெயிச்சது அவரு."

அறையே அசடு வழிந்தது. பின்னம் சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டவர்கள் அத்தனை பேரும் மேலே உள்ள எண்ணைப் பார்த்துவிட்டுக் கீழே உள்ளதை மறந்திருந்தார்கள்! பேராசிரியை தீர்ப்பை மாற்றினார். உட்கார்ந்தபோது ரைஹானாவுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் தப்புக் கணக்கில் வரும் பள்ளி அவளுக்கு வேண்டாம்.

இப்போது இளவழுதி எழுந்தான். அவன் கையில் படம் காட்டிய பள்ளியின் ஆசிரியர் தந்த தாள் இருந்தது. படம் காட்டுவதற்கு முந்தின நாளே இரண்டு வகுப்பிலும் இதே கேள்வியைக் கேட்டுக் குறித்த தாள்.

"அக்கா, கணக்கு இன்னும் முடியல. என் வகுப்புல பதினெட்டுப் பேருக்கு முன்னாடியே தெரியும். உங்க வகுப்புல பத்துப் பேருக்குத்தான் தெரியும். முதலிடம் உங்களுக்குத்தான்."

"அதெப்படி? கடைசியில எத்தனை பேரு சரியாச் சொன்னாங்கங்கிறதுதானே கணக்கு?" என்றாள் ரைஹானா.

பரிசுக்காக அடித்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறோம். பரிசை ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்தால் பேராசிரியைதான் என்ன செய்வார்? நீங்களே சொல்லுங்கள், யார் சொன்னது சரி? முதலிடம் யாருக்கு?

விடை: ரைஹானா பிழையைப் பிடித்தது சரிதான், ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டாள். போட்டி படத்துக்கு, வகுப்புக்கு அல்ல. முன்பே தெரிந்தவர்களைப் படம் தன் கணக்கில் சேர்க்க முடியாது. ரைஹானாவின் வகுப்பில் தெரியாதவர்கள் முப்பது பேர், கற்றவர்கள் இருபது: மூன்றில் இரண்டு பங்கு. இளவழுதியின் வகுப்பில் தெரியாதவர்கள் ஆறு பேர், கற்றவர்கள் இரண்டே பேர்: மூன்றில் ஒரு பங்கு. ஆகவே இளவழுதி சொன்னதே சரி, முதலிடம் ரைஹானாவுக்கு. இப்போதெல்லாம் மதிய மணி அடித்ததும் அவள் ஆறு நிமிடம் நடந்து போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறாள். இளவழுதி அடுத்த கதைப்படத்தை எடுத்து முடித்துவிட்டான். ஓர் அறை நிறையக் கணித ஆசிரியர்கள் முப்பதைப் பார்த்துக் கைதட்டுவதுதான் அதன் முதல் காட்சி.