ஓட்டையில்லாத அரைக்கீரை

வெகு வெகு காலத்துக்கு முன்னால், எத்தனை காலம் என்று குறுக்கே கேட்காதீர்கள், கொன்றைவனம் என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே வடிவாம்பாள், சொர்ணவல்லி என்று இரண்டு ஓரகத்திகள். இருவரும் போட்டது அரைக்கீரைதான். ஆனால் ராணி கேட்டு வாங்கியது இளையவள் சொர்ணவல்லியின் கீரையை மட்டும். ஓர் இலையில் ஓட்டை இருக்காது!

மூத்தவளுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? ஒரு புல் விடாமல் பிடுங்குகிறவள் அவள். ஆனாலும் இலையெல்லாம் சல்லடை. சின்னவள் பாத்தியிலோ கண்ட செடியும் கலந்து கிடந்தது.

வேலியில் குடியிருந்த மந்திரப் பச்சோந்தியிடம் போனாள் மூத்தவள் வடிவாம்பாள்.

"ராணி என் கீரையைத்தான் கேட்கணும். வழி சொல்லு."

"ஊடே வெங்காயம் வை. வாடைக்குப் பூச்சி அண்டாது."

"சின்னவளைப் பார்த்து நானும் வைக்கணுமா? என் பாத்தியில் நான் மட்டும்தான்!"

"ஓரத்தில் செண்டுமல்லி?"

"நான் என்ன பூக்காரியா? என் பாத்தியில் நான் மட்டும்தான்!"

"வரப்பில் ஆமணக்கு? புழு அதைத் தின்னப் போய்விடும்."

"காது அடைச்சுப்போச்சா? என் பாத்தியில் நான் மட்டும்தான்!"

"அப்படியே ஆகட்டும்" என்று கண்ணை உருட்டியது பச்சோந்தி.

அவ்வளவுதான். கீரையெல்லாம் மாயம். வெறும் பாத்தி நடுவே ஒற்றைக் கீரைச்செடியாக நின்றாள் வடிவாம்பாள். புழுக்கள் வரிசைகட்டி வந்தன.

அலறல் கேட்டுச் சொர்ணவல்லி ஓடிவந்தாள்.

"பக்கத்தில் துணைச்செடி வைத்தால் இவள் பிழைப்பாள்" என்றது பச்சோந்தி. "ஆனால் இவளே சம்மதிக்க வேண்டும்."

"அக்கா, வெங்காயம் வைக்கட்டுமா?"

"உன் வெங்காயமா? வேண்டாம்!" அடியிலை போனது.

"அக்கா, செண்டுமல்லி?"

"வேண்டாம்னா வேண்டாம்!" நடு இலை போனது.

"அக்கா, ஆமணக்காவது! கொழுந்துகிட்ட வந்துடுச்சு. அதுவும் போனா நீங்களே இல்லை!"

கீரை நடுங்கியது. "மூணையும் வச்சுத் தொலையேண்டி!"

நட்ட கணமே வெங்காயம் தாள் விட்டது, செண்டுமல்லி பூத்தது, ஆமணக்கு குடைவிரித்தது. புழுக்கள் வரப்புக்குத் திரும்பின. சேலையெல்லாம் மண்ணாக எழுந்து நின்றாள் வடிவாம்பாள். சுற்றிலும் பழையபடி கீரை, ஓட்டையில்லாமல்!

இருவர் கீரையிலும் ஓட்டையில்லாததைக் கண்ட ராணி மகிழ்ந்து அரண்மனைத் தோட்டத்தையே இருவருக்கும் கொடுத்தாள். முதல் அறுவடையை ஒரே கூடையில் அடுக்கினார்கள்.

"என் கட்டு மேலே இருக்கணும்" என்றாள் வடிவாம்பாள்.

"சரிக்கா. மேலே இருக்கறதுதான் வெயில்ல முதல்ல வாடும், பரவாயில்லையா?"

வடிவாம்பாள் முறைத்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"அப்போ பக்கத்துல வை."