மரணம் அனுமதி கேட்ட மலை

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது வியன்னா நகரத்துப் பத்திரிகைக்காரர்கள் ஒரே ஓர் ஆளுக்குப் பயந்தார்கள். அவர் அமைச்சரும் இல்லை, தணிக்கை அதிகாரியும் இல்லை. ரூபெர்ட் லாஷ்னர் என்று பெயர். மெலிந்த உடம்பு, கிட்டப்பார்வை, எப்போதும் ஒரே கறுப்புக் கோட்டு.

சிறு இதழ் ஒன்றை அவர் தனியாளாக நடத்திவந்தார். பெரிய நாளிதழ்களில் வந்த வரிகளை வெட்டி எடுத்து, ஓர் எழுத்துகூட மாற்றாமல் அப்படியே அதில் போடுவார். மேலே வைக்கும் தலைப்பு மட்டும்தான் அவருடையது. படிப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு சிலர் சிரிப்பை நிறுத்திவிட்டு அதே வரியைத் திரும்பப் படிப்பார்கள்.

மாதம் ஒருமுறை அரங்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்து வாசிப்பார். அன்றைக்குக் கூட்டம் நிரம்பி வழியும்.

அப்படி ஒரு மாலை, கடைசி வரிசையில் இடா ஃபெல்னர் உட்கார்ந்திருந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. பெரிய நாளிதழ் ஒன்றின் போர்முனை நிருபர். தெற்கு எல்லையில் ஒரு மலையைப் பிடித்த சண்டையைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை நாடு முழுக்கப் புகழ் பெற்றிருந்தது. பள்ளிக்கூடங்களில் அதை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள்.

லாஷ்னர் அந்தக் கட்டுரையைத்தான் எடுத்தார்.

"விடியலின் முதல் கதிர் பட்டபோது நம் மைந்தர்கள் மலையுச்சியில் செம்மலர்களாகப் பூத்திருந்தார்கள். மரணம்கூட அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் நெருங்கியது."

அவர் தன் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். அரங்கம் வெடித்துச் சிரித்தது. இடா தலையைக் குனிந்துகொண்டாள். காது மடல்கள் எரிந்தன.

மறுநாள் காலை அவருடைய அறைக்குப் படியேறிப் போனாள்.

"என்னை ஏன் அவமானப்படுத்தினீர்கள்?"

அவர் அச்சுப்படி திருத்திக்கொண்டிருந்தார். "நான் என்ன சொன்னேன்?"

"நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுதியதைப் படித்தீர்கள்."

"அப்படியானால் அவமானப்படுத்தியது யார்?"

அவரே கேட்டார்.

"அந்த மலைக்குப் போனீர்களா?"

"அடிவாரம் வரைக்கும். அங்கே ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். கேப்டன் ஒருவர் வந்து விவரம் சொன்னார்."

"அவர் மேலே போனாரா?"

அவள் யோசித்தாள். "கேட்கவில்லை."

லாஷ்னர் மறுபடியும் குனிந்து ஒரு காற்புள்ளியை அடித்தார். கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் திரும்பப் போட்டார். இடா போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டாள். வந்தபோது இருந்த கோபம் இப்போது குரலில் இல்லை.

"மேலே போனவர்களில் யாராவது மிச்சம் இருப்பார்கள். தேடுங்கள்."

அவள் பத்திரிகையில் விடுப்பு கேட்டு வாங்கினாள். பிறகு அங்கே திரும்பிப் போகவே இல்லை. காலையில் லாஷ்னரின் அறைக்கு வந்து அச்சுப்படி படித்தாள். மற்ற நேரத்தில் ராணுவ மருத்துவமனைகளில் கட்டில் கட்டிலாகத் தேடினாள். 'ஆசானே' என்று ஒருநாள் வாய் தவறி அழைத்தபோது அவர் முகத்தைச் சுளித்தார். அதற்குப் பிறகு மனத்துக்குள் மட்டும் அப்படி அழைத்துக்கொண்டாள்.

குளிர்காலத்தில் ஆள் அகப்பட்டான். பனியில் அழுகி இரண்டு பாதங்களையும் இழந்த ஒரு சிப்பாய். கட்டுரையை அவனும் படித்திருந்தான்.

"பூவா?" என்றான். "ஒரே மூடுபனிங்க. நம்ம பீரங்கிக் குண்டே நம்ம மேல விழுந்துச்சு. பக்கத்துல இருந்த அலோயிஸ் பிக்லர் பள்ளத்துல உருண்டுட்டான். தண்ணி தண்ணின்னு கத்துனான். யாராலயும் இறங்க முடியல. ராத்திரி முழுக்கக் கத்துனான், மறுநாளும் கத்துனான். அப்புறம் சத்தம் நின்னுபோச்சு."

இடா எழுதிக்கொள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவங்கம்மா இந்த ஊர்லதான் துணி வெளுக்கறாங்க. போய்ப் பாருங்க. கடைசில அம்மாவத்தான் கூப்பிட்டான்னு சொல்லுங்க."

யோசஃபா பிக்லர் தொழிலாளர் குடியிருப்பில், சமையலும் படுக்கையும் ஒன்றாக இருந்த ஓர் அறையில் குடியிருந்தாள். சலவைச் சோடாவில் ஊறி ஊறிக் கைகள் வெடித்திருந்தன. கட்டிலுக்கு மேலே, சிலுவைக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பத்திரிகைத் துண்டு தொங்கியது.

இடா தன் பெயரைச் சொன்னதும் யோசஃபா ஈரக் கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். இடாவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

"நீங்களாம்மா எழுதுனது? எம்புள்ளையக் கடைசியாப் பாத்த மகராசி நீங்கதானா? உக்காருங்க, உக்காருங்க."

இடா உட்கார்ந்தாள். பார்லியை வறுத்துப் போட்ட கறுப்புக் காப்பியைக் குடித்தாள். கோப்பை காலியான பிறகும் சொல்ல வந்ததைத் தொடங்கவில்லை.

இளைய மகன் கஸ்பார் வேலை முடிந்து வந்தான். டிராம் பணிமனையில் பழுது பார்ப்பவன். அந்த வேலையில் இருப்பவர்களைப் போருக்கு அனுப்புவதில்லை. அவன் இடாவைப் பார்த்து விறைப்பாக நின்றான்.

"எனக்கு விலக்கு வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டேன், மேடம். அண்ணன் இருந்த மலைக்கே கேட்டிருக்கேன்."

இடா எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நேராக லாஷ்னரிடம் போனாள்.

"சொன்னால் அந்த அம்மா உடைந்துபோவார். சொல்லாவிட்டால் அவன் போய்விடுவான். நான் என்ன செய்வது?"

லாஷ்னர் பேனாவை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார்.

"வாருங்கள்," என்றார்.

யோசஃபா அவரை யார் என்று கேட்கவில்லை. இடாவோடு வந்த பெரிய மனிதர், அது போதும். சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. சின்னவன் படிச்சுச் சொல்லித்தான் கேட்டிருக்கேன். நீங்க ஒருவாட்டி படிங்க. படிச்சவங்க படிச்சா நல்லாருக்கும்."

இடா அவர் முகத்தைப் பார்த்தாள். லாஷ்னர் சட்டத்தைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு தொடங்கினார். பெரிய அரங்கத்தின் கடைசி வரிசை வரை எட்டும் குரல் அது. அந்தச் சின்ன அறையில் அது எழும்பவில்லை. "விடியலின் முதல் கதிர்" என்றார். "நம் மைந்தர்கள்" என்றார். அங்கேயே நின்றுவிட்டார்.

கதவோரம் நின்ற கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டு மீதியைச் சொன்னான். ஒரு சொல் பிசகவில்லை. அவன் தாயின் உதடுகளும் கூடவே அசைந்தன.

"நான் அங்கே இல்லை," என்றாள் இடா.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு வேகமாகச் சொல்லத் தொடங்கினாள். அடிவாரத்து விடுதி, மூடுபனி, நம் குண்டே நம் மேல் விழுந்தது, பள்ளம், தண்ணீர் கேட்டது. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. அழுகையில் பாதிச் சொற்கள் கரைந்துபோயின. அம்மா என்று கூப்பிட்டதைச் சொன்னாளா, சொல்லாமல் விட்டாளா என்பது பிறகு அவளுக்கு நினைவில் இல்லை.

கஸ்பார்தான் முதலில் பேசினான்.

"இது பேப்பர்ல வந்திருக்கு. பள்ளிக்கூடத்துல சொல்லித் தராங்க. இவங்க இப்ப அழுதுக்கிட்டே வேற ஒண்ணு சொல்றாங்க. நான் எதை நம்பறது?"

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

யோசஃபா லாஷ்னர் கையிலிருந்து சட்டத்தை வாங்கிக்கொண்டாள். இடுப்பில் கட்டியிருந்த துணியால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"நீங்க யாருங்க?" என்று கேட்டாள்.

"இதைப் படித்துக் காட்டி ஊரைச் சிரிக்க வைத்தவன், அம்மா."

அவள் அவரை நம்ப முடியாமல் பார்த்தாள். "இதுல சிரிக்க என்ன இருக்கு?"

எந்தப் பத்திரிகை ஆசிரியர் எதைக் கேட்டாலும் மறுநொடியில் பதில் வைத்திருப்பவர் லாஷ்னர். அன்றைக்கு அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தலை வணங்கிவிட்டு வெளியேறினார். இடா பின்னாலேயே போனாள்.

அடுத்த மாத வாசிப்பில் கூட்டம் "மலை! மலை!" என்று கத்தியது. அவர் அந்தத் தாளை எடுக்கவே இல்லை.

"ஏன் படிக்கவில்லை?" என்று இடா மறுநாள் கேட்டாள். "அது இப்போதும் பொய்தானே?"

"அந்த அம்மா கேட்டதற்குப் பதில் கிடைக்கட்டும். படிக்கிறேன்."

கஸ்பார் போய்விட்டான். ரயில் நிலையத்துக்கு இடாவும் போயிருந்தாள்; தூணுக்குப் பின்னால் நின்றாள். மேளம் அடித்தார்கள். பையன்களின் சட்டையில் காகிதப் பூ குத்தினார்கள். அவன் ஜன்னல் வழியே தன் அம்மாவுக்கு மட்டும் கையசைத்தான்.

பனி உருகத் தொடங்கிய சமயத்தில் இறந்தவர்களின் பெயர்கள் வரும் பக்கத்தில், பொடி எழுத்தில், அவன் பெயரும் வந்தது. அந்தச் சண்டையைப் பற்றி எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதவில்லை. அதில் மலை எதுவும் பிடிபடவில்லை.

சில நாள் கழித்து இடா லாஷ்னரின் அறைக்கு வந்தபோது யோசஃபா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். இடாவின் கால்கள் தாமாக நின்றன. திட்டுவாள், கல்லைக்கூட எடுத்து எறிவாள் என்று நினைத்தாள். எறிந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தாள்.

யோசஃபா எழுந்து நின்றாள்.

"நீங்கதான் எழுதணும்மா."

"என்ன எழுத வேண்டும்?"

"கஸ்பாரைப் பத்தி. பெரியவனுக்கு எழுதுன மாதிரி நல்லா எழுதிக் கொடுங்க. அது பொய்யின்னு தெரியும்மா. அன்னிக்கு நீங்க சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா இவனுக்கு அதுகூட இல்லியே. சுவத்துல பெரியவன் மட்டும் தொங்கறான். இவன் எங்க இருக்கான்?"

இடா படியேறினாள்.

இடா சொன்னதையெல்லாம் லாஷ்னர் கேட்டுக்கொண்டார்.

"நான் இன்னொரு பொய்யை எழுத மாட்டேன்," என்றாள் இடா. "உண்மையைச் சொல்லியும் பார்த்தாயிற்று. அதற்கு அவனைத் தடுத்து நிறுத்தும் பலம் இருக்கவில்லை."

"அந்த மலைக் கட்டுரையை எழுத உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது?"

"ஒரு பகல் முழுக்க. மரணம் வருகிற வரியை மட்டும் திரும்பத் திரும்ப மாற்றினேன். சரியாக வந்தபோது சந்தோஷத்தில் எழுந்து நடந்தேன்."

"உண்மையை அவர்களிடம் எப்படிச் சொன்னீர்கள்?"

அவளுக்கு அந்த அறை நினைவுக்கு வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்த தரைப்பலகை நினைவுக்கு வந்தது.

"அவர்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை," என்றாள் மெதுவாக.

லாஷ்னர் தலையசைத்தார். அதில் கடுமை இல்லை.

"கஸ்பாரைப் பற்றி என்ன தெரியும்?"

"இறந்துவிட்டான். போன மாதம், தெற்கு முனையில்..."

"அது பட்டியலிலேயே இருக்கிறது. அவனைப் பற்றிக் கேட்கிறேன்."

இடா வாயைத் திறந்தாள். டிராம் பணிமனை, விறைப்பாக நின்ற ஓர் உருவம், மூடிய கண்கள். அதற்கு மேல் அவளிடம் எதுவும் இல்லை. தலையை ஆட்டினாள்.

"ஒன்றும் தெரியாது."

"எழுதினாலும் தணிக்கையில் வெட்டிவிடுவார்கள்," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"வெட்டுவது அவர்கள் வேலை." அவர் எழுந்தார். மேசையில் குவிந்திருந்த பத்திரிகைகளை இரண்டு கையாலும் அள்ளித் தரையில் வைத்தார். "அவனைத் தெரிந்தவர் அந்த அம்மாதான். அவர் எங்கே?"

"கீழே, படிக்கட்டில்."

"நாற்காலியை நான் எடுத்துப் போடுகிறேன்," என்றார் லாஷ்னர். "நீங்கள் போய்க் கூட்டி வாருங்கள்."