பசி இல்லாத நாற்பது வீடு

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அப்போது எத்தனை வீட்டில் பசி என்று கணக்கெடுக்க அதிகாரி ஞானதுரை ஜீப்பில் வந்து இறங்கினார். நாற்பது வீட்டிலும் வாசலில் நின்றே கேட்டார், “சாப்பிட்டீங்களா?”

வாசலுக்கு வந்த மனுஷனிடம் இல்லை என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? எல்லோரும் “ஆச்சு ஐயா” என்றார்கள்.

“பசியே இல்லாத ஊருக்கு இலவச அரிசி எதுக்கு? நிறுத்திடலாம்” என்று பேனாவை மூடினார்.

உப்பு சுமக்கும் முத்துக்கனிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஆனாலும் சிரித்தபடி கேட்டாள், “மணி மூணாச்சே, ஐயா சாப்பிட்டாச்சா?”

“ஓ, ஆச்சும்மா.”

ஜீப் டிரைவர் பதறினார். “சார், காலையில இருந்து டீகூடக் குடிக்கலையே!”

“அப்போ ஐயா பேரையும் சேத்து எழுதிக்கிடுங்க, பசி இல்லைன்னு” என்றாள் முத்துக்கனி.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஞானதுரை மூடிய பேனாவைத் திறந்தார். “பின்னே எப்படித்தான் கேக்கணும்?”

“நேத்து எத்தனை தடவை உலை வச்சீங்கன்னு கேளுங்க.”

கேட்டார். முப்பத்தோரு வீட்டில் ஒரே தடவை. அரிசி நிற்கவில்லை.

அடுத்த மாதம் ஜீப் வந்ததும் முத்துக்கனி கேட்டாள், “ஐயா சாப்பிட்டாச்சா?”

“இல்லை முத்துக்கனி. என்ன குழம்பு?” என்று செருப்பைக் கழற்றினார் ஞானதுரை.