இழுத்தால் எரியும், விட்டால் அணையும்

மொட்டையனேந்தல்காரர்களைப் பற்றி யாராவது கேலி பேசினால் எனக்குக் கோபம் வரும். சொன்ன சொல்லைத் தட்டாத ஜனங்கள் அவர்கள். என்ன சொன்னோமோ அதை அப்படியே செய்து முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். கோளாறு ஏதாவது நடந்திருந்தால், சொன்னவர்தான் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஊர் எல்லையில் பரிபூரணம் அம்மாள் ஒரு சின்ன ஆலை வைத்திருந்தார். சிகரெட் சுற்றுகிற காகிதத்துக்குப் பசை பூசுகிற ஆலை. காகிதச் சுருளை ஒரு பக்கம் மாட்டினால், அது உருளைகளுக்கு நடுவே ஓடி, கிழங்கு மாவுப் பசையைப் பட்டை பட்டையாகப் பூசிக்கொண்டு மறுபக்கம் வந்து சேரும். அந்தக் காகிதத்தில் சுற்றிய சிகரெட்டைக் குடிக்காமல் சும்மா வைத்துவிட்டால், நெருப்பு பசைப் பட்டை வரைக்கும் வந்து, அதற்கு மேல் போக முடியாமல் தானாக அணைந்துவிடும். குடிக்கிறவரின் நெஞ்சுக்கு இதனால் ஒரு நன்மையும் கிடையாது. நன்மையெல்லாம் அவர் படுத்திருக்கிற மெத்தைக்குத்தான்.

அம்மாளுக்கு இந்த யோசனை வந்ததற்கே ஒரு மெத்தைதான் காரணம். அருப்புக்கோட்டை வீட்டில் அவருடைய வீட்டுக்காரர் ஒரு மத்தியானம் கையில் சிகரெட்டோடு தூங்கிப்போனார். மெத்தை போயிற்று, கட்டில் போயிற்று, கட்டிலடியில் பெட்டியில் இருந்த அம்மாளின் கல்யாணப் பட்டும் போயிற்று. மனிதருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. புதுக் கட்டில் வந்த அன்றைக்கே அதில் ஏறிப் படுத்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். இவரைத் திருத்துவதைவிடச் சிகரெட்டைத் திருத்துவது சுலபம் என்று அம்மாள் ஆலையை ஆரம்பித்துவிட்டார்.

ஆள் எடுக்கும்போது அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். சிகரெட், பீடி என்றால் என்னவென்றே தெரியாத ஆளாக இருக்க வேண்டும். காகிதக் குவியலுக்கு நடுவே வாயில் நெருப்போடு யாரும் நடமாடக் கூடாது. மொட்டையனேந்தலில் இதற்குப் பஞ்சமே இல்லை. அந்த ஊர்க் குலசாமிக்குப் புகை ஆகாது. பூசைக்குச் சாம்பிராணி போடலாமா கூடாதா என்று ஊர்க்கூட்டத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து மூன்று பேர் வேலைக்கு வந்தார்கள். மேஸ்திரி மாடக்கண்ணு மூத்தவர். எது சொன்னாலும் கண்ணை மூடித் தலையை ஆட்டிக் கேட்பார். அந்த ஆட்டலைப் பார்த்தால் எல்லாம் புரிந்துவிட்டது போலவே இருக்கும். அடுத்தவன் சங்கிலி, சந்தேகம் கேட்பான். அந்தச் சந்தேகத்துக்குத் தங்கப்பழம் பதில் சொல்வான். ஆகையால் அந்த ஆலையில் தீராத பிரச்சினை என்று ஒன்று இருந்ததே இல்லை.

ஒரு நாள் பெரிய சிகரெட் கம்பெனி ஒன்றிலிருந்து தகவல் வந்தது. நாளைக் காலை ஆபீசர் நேரில் வருகிறார். காகிதம் சரியாக இருந்தால் ஆர்டர் உண்டு. இல்லையென்றால் ஆலையை மூடுவதைத் தவிர அம்மாளுக்கு வேறு வழி இல்லை. வேறு எந்தக் கம்பெனியும் அந்தக் காகிதத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மூடிட்டா நாங்க எங்கம்மா போவோம்?" என்று கேட்டான் தங்கப்பழம். அவன் கண் கலங்கிவிட்டது. இந்த மூன்று பேரை வேறு எவரும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அம்மாளுக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைக்கென்று பார்த்து உருளை ஒன்று விரிசல் விட்டுவிட்டது. புது உருளை வாங்க அம்மாள் மதுரைக்குக் கிளம்பினார். கிளம்புகிற அவசரத்தில், அந்த ஆலைக் காகிதத்தில் சுற்றிய மாதிரி சிகரெட் டப்பாவையும் ஒரு தீப்பெட்டியையும் மாடக்கண்ணுவிடம் கொடுத்தார்.

"மேஸ்திரி, இன்னைக்கு ஒரு நாள் குலசாமி மன்னிக்கும். மூணு பேரும் இதைப் பிடிச்சுப் பாருங்க. எப்படி இருக்குன்னு எனக்கு போன் பண்ணுங்க."

மாடக்கண்ணு கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

பஸ் மறைந்ததும் ஆளுக்கு ஒரு சிகரெட்டை எடுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"எந்தக் கையில பிடிக்கணும்ணே?" என்றான் சங்கிலி.

"ஆபீசர் வர்ற காரியம். வலது கைதான் மரியாதை" என்றான் தங்கப்பழம்.

"இறுக்கிப் பிடிக்கணுமா, லேசாவா?"

"இறுக்கிப் பிடிச்சா நசுங்கும். லேசாப் பிடிச்சா விழும். நடுத்தரமாப் பிடிடா."

வெயில் ஏறியது. மூவரும் கையை நீட்டியபடி நின்றார்கள். மூக்கு அரித்தபோதுகூட யாரும் கையை எடுக்கவில்லை. கடைசியில் மாடக்கண்ணு இடது கையால் போனை எடுத்தார்.

"அம்மா, காலையில இருந்து பிடிச்சுக்கிட்டே இருக்கோம். ஒண்ணும் ஆகலை. தோள்பட்டைதான் கடுக்குது."

"பத்த வச்சீகளா?"

"அதை நீங்க சொல்லலையேம்மா."

அம்மாள் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இரைச்சலுக்கு நடுவே நின்றிருந்தார். "ஐயோ மேஸ்திரி! பத்த வச்சுக் குடிச்சுப் பாருங்கய்யா!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார்.

குடிப்பது என்றதும் மூவருக்கும் நிம்மதியாகிவிட்டது. குடிக்கத் தெரியாத மனிதர் யார் இருக்கிறார்? ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது. மாடக்கண்ணு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, நெருப்புப் பக்கம் கீழே இருக்கும்படி சொம்புக்குள் விட்டார். சுர்ரென்றது. பிறகு விரலை விட்டுக் கலக்கினார்கள்.

"சீனி போடணுமாண்ணே?"

"அம்மா சீனி சொல்லலைல்ல? கஷாயம் மாதிரி வெறும் வயித்துல குடிக்கிறதாத்தான் இருக்கும்."

சோதனைக்கு முதல் ஆளாகத் தங்கப்பழம் முன்வந்தான். ஆலை பிழைக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் ஒரு மடக்குக் குடித்தான். வாய்க்குள் போன வேகத்திலேயே அது வெளியே வந்தது. கூடவே காலையில் சாப்பிட்ட பழைய சோறும் வந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவன் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

"குடிச்சாச்சும்மா" என்றார் மாடக்கண்ணு போனில். "தங்கப்பழம் வாந்தி எடுத்துட்டான். ஆனா சிகரெட்டு உடனே அணைஞ்சிருச்சு. சுர்ருன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

"முதல் தடவை குடிச்சா அப்படித்தான் குமட்டும். அவனுக்கு மோர் குடுங்க" என்றார் அம்மாள். அவர் குரலில் கவலை வந்துவிட்டது. "ஆனா உடனே அணையக் கூடாதே மேஸ்திரி! இழுத்தா எரியணும், விட்டாத்தான் அணையணும். நல்லா இழுத்துப் பாருங்க. நம்ம பொழப்பே இதுலதான் இருக்கு."

இழுத்தால் எரியணும், விட்டால் அணையணும். மாடக்கண்ணு இதை மந்திரம் போல மனப்பாடம் செய்துகொண்டார். மூட்டை தைக்கிற நூல் வந்தது. சிகரெட்டின் இடுப்பில் ஒரு முடிச்சுப் போட்டார்கள்.

"எத்தனை பேர் இழுக்கணும்ணே?" என்றான் சங்கிலி.

"தேரை ஊரே சேர்ந்து இழுக்குது. இது சின்னது. நீயும் நானும் போதும்" என்றான் மோர் குடித்துத் தெளிந்திருந்த தங்கப்பழம். "அண்ணன் பின்னாடி வந்து நெருப்பைப் பாக்கட்டும்."

பற்றவைத்த சிகரெட்டைத் தார்ரோட்டில் வைத்து இழுத்துக்கொண்டு இருவரும் ஓடினார்கள். மாடக்கண்ணு குனிந்த தலை நிமிராமல் பின்னால் ஓடினார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அன்னபாக்கியம் வாயில் கை வைத்து நின்றாள்.

"என்னண்ணே இழுத்துட்டுப் போறீக?"

"சிகரெட்டு."

"கடிக்குமா?"

"இதுவரைக்கும் கடிக்கலை, தாயி."

இழுத்த இழுப்பில் காற்றுப் பட்டுச் சிகரெட் சிவப்பாகக் கனன்றது. ஓடிக் களைத்து நூலை விட்டுவிட்டு இருவரும் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். மாடக்கண்ணு ரோட்டில் குப்புறப் படுத்துக் கண் கொட்டாமல் பார்த்தார். நெருப்பு மெதுவாக ஊர்ந்து முதல் பசைப் பட்டைக்கு வந்து, கொஞ்சம் தயங்கி, அணைந்துபோனது.

"அம்மா! இழுத்தா எரியுது! விட்டா அணையுது!"

"சத்தியமாவா மேஸ்திரி?"

"குலசாமி சத்தியமா. நாங்க மூச்சிரைக்க இரைக்க இழுத்தோம்மா."

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அம்மாள் உருளைக் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். சந்தோஷ அழுகைதான். கடைக்காரர் பயந்து சோடா வாங்கிக் கொடுத்தார்.

உருளை கைக்கு வரத் தாமதமாகிவிட்டதால் அன்றிரவு அம்மாள் மதுரையில் தங்கை வீட்டில் தங்கினார். காலையில் வந்த பஸ் காரியாபட்டி தாண்டி நின்றுவிட்டது. அவர் வழியில் ஆட்டோ தேடிக்கொண்டிருந்தபோது ஆபீசர் ஜெயசீலன் ஆலைக்கு வந்து இறங்கிவிட்டார்.

"நான் வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார் அம்மாள் போனில். "அதுவரைக்கும் ஆபீசரை நல்லா கவனிச்சுக்குங்க. அவருக்கு ஒரு குறையும் வரக் கூடாது மேஸ்திரி."

மூவரும் ஆபீசரை நாற்காலியில் உட்காரவைத்து இளநீர் கொடுத்தார்கள். வெயில் படாத இடமாகக் கழிவுக் காகிதக் குவியலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டதும் அவர்களுடைய மரியாதைதான். ஆபீசர் மாதிரி டப்பாவைத் திறந்து ஒரு சிகரெட்டை எடுத்தார். மாடக்கண்ணு பணிவாக நூல்கண்டை நீட்டினார். ஆபீசர் அதைக் கவனிக்கவில்லை. சிகரெட்டைத் தூக்கி வாயில் வைத்து, அதற்கு நெருப்பும் வைத்துக்கொண்டார்.

மூவரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

"அண்ணே, நெருப்பை வாயில வைக்கிறாரே!" என்று கிசுகிசுத்தான் சங்கிலி.

"பெரிய கம்பெனி. அவங்க வழக்கம் எப்படியோ" என்றான் தங்கப்பழம்.

ஆபீசர் கண்ணை மூடி ரசித்து இழுத்தார். இரண்டு மூக்குத் துவாரத்திலிருந்தும் புகை கிளம்பியது.

"அண்ணே, பத்திக்கிச்சு! உள்ளுக்குள்ள எரியிறாரு!"

"தண்ணி ஊத்துவமா?"

"ஆபீசர் மேல தண்ணியா? அம்மா என்ன நினைப்பாக?"

"அப்ப என்னதான் பண்ண?"

மாடக்கண்ணு கண்ணை மூடித் தலையை ஆட்டினார். வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்கு உண்மையாகவே ஏதோ புரிந்தது. "எரியிற சாமானுக்கு நாம என்னடா பண்றோம்? பசைப் பட்டை போடுறோம். பட்டை போட்டா அது தானா அணையும்."

பசை வாளி வந்தது. சங்கிலியும் தங்கப்பழமும் ஆபீசரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்கள். மாடக்கண்ணு பசை பூசுகிற மட்டையை முக்கி நெஞ்சைச் சுற்றி முதல் பட்டையைப் போட்டார். "ஏய், என்னய்யா பண்றீங்க!" என்று ஆபீசர் அலறியதில் வாயிலிருந்த சிகரெட் காகிதக் குவியலில் போய் விழுந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அலறலோடு மிச்சப் புகையும் வந்ததால், நிலைமை மோசம் என்று முடிவு கட்டி வயிற்றுக்கு ஒரு பட்டை, தொடைக்கு ஒரு பட்டை, முழங்காலுக்கு ஒரு பட்டை போட்டார்கள். கடைசியில் மிகுந்த வருத்தத்தோடு வாய்க்குக் குறுக்கேயும் ஒன்று போட்டார்கள். அதற்குப் பிறகு புகை வரவில்லை.

"இனிமே யாரும் தொடாதீகடா" என்றார் மாடக்கண்ணு. "சும்மா விடணும்."

மூவரும் தள்ளிப் போய்க் கைகட்டி நின்றார்கள். கிழங்கு மாவுப் பசை நல்ல பசை. சீக்கிரமே இறுகிவிட்டது. ஆபீசர் கொலுவில் வைத்த பொம்மை போல நாற்காலியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் உருண்டது.

அம்மாள் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்து பார்த்தார். புது உருளை கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. வலிகூடத் தெரியவில்லை. "போச்சு, எல்லாம் போச்சு. உங்களை நம்பி விட்டுட்டுப் போனேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மாடக்கண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்றியதற்கு அம்மா ஏன் அழ வேண்டும்?

அப்போது ஆபீசரின் கண் ஒரு பக்கமாகப் போய் நின்றது. அம்மாளும் அந்தப் பக்கம் பார்த்தார். பஞ்சு போலக் குவிந்து கிடந்த காய்ந்த காகிதத்தின் உச்சியில் அந்தச் சிகரெட் கிடந்தது. முதல் பட்டையோடு நெருப்பு அணைந்து கிடந்தது. அதன் கீழே இருந்த காகிதம் பொசுங்கக்கூட இல்லை.

ஆபீசர் தொழில் தெரிந்தவர். ஒரு கையைப் பாடுபட்டுப் பிய்த்தெடுத்து, வாயில் இருந்த பசைப் பொருக்கை உரித்துப் போட்டார்.

"அம்மா," என்றார், "எத்தனையோ ஊர்ல சோதனை பண்ணியிருக்கேன். காகிதக் குவியல் மேலேயே போட்டுக் காட்டுற தைரியம் யாருக்கும் வந்ததில்லை. ஆர்டர் உங்களுக்குத்தான். ஆலையை மூட வேண்டாம். இந்தாங்க, கையைக் குடுத்து என்னைக் கொஞ்சம் எழுப்பி விடுங்க."

அம்மாள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஆபீசரின் கையைப் பிடித்து இழுக்கப் போனார்.

மூன்று பேரும் பாய்ந்து வந்து குறுக்கே விழுந்தார்கள்.

"இழுத்துராதீகம்மா!" என்று அலறினார் மாடக்கண்ணு. "இப்பத்தான் அணைஞ்சிருக்காரு!"