ஆற்றுமணலில் ஒரு குடம்

மணற்குடியில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று, சீடருக்கு அறுபத்தொன்று. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். தபாலாபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே நாச்சியாரம்மாவிடம் பாட்டுப் படிக்கப் போய் உட்கார்ந்தவர் கோதண்டம்.

சித்திரையில் ஆறு வற்றியதும் மணலில் பத்து நாள் இசைவிழா. முப்பது வருஷமாகக் கோதண்டம்தான் அதற்குச் செயலாளர். ஆரம்பத்தில் ஜனங்கள் ஊற்றிலிருந்து ஆளுக்கொரு குடம் மொண்டு, சுடுமணலில் ஊற்றி, ஊற்றிய இடத்திலேயே உட்கார்ந்து கேட்டார்கள். அப்புறம் விழா வளர்ந்தது. அடேயப்பா, என்ன வளர்ச்சி! மணலை நனைக்கத் தண்ணீர் லாரி வந்தது. லாரிக்குப் பின்னால் பந்தல் வந்தது, பந்தலுக்குள் நாற்காலி, நாற்காலிக்கு முன்னால் சோபா. கரை நெடுக வெளியூர்க் கார்கள்.

பிறகு புரவலர்கள் வேறு ஊர் பார்த்துப் போனார்கள். சோபாவும் போச்சு, பந்தலும் போச்சு. உள்ளூர்க்காரர்கள் வருவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். போன வருஷம் கேட்க வந்தவர்கள் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் மைக்செட்காரர்கள்.

இந்த வருஷம் முதல் நாளும் மணல் காலியாகக் கிடந்தால் விழாவை மூடிவிடுவது என்று கமிட்டி சொல்லிவிட்டது. அந்த முதல் நாள் மூன்று மணிக்குக் கோதண்டம் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று பாடவேண்டிய நாச்சியாரம்மா ஒரு குடத்தோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"ஏன் அம்மா இப்படி விழுந்துபோச்சு? நான் என்ன குறை வச்சேன்?"

நாச்சியாரம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஊற்றில் ஒரு குடம் மொண்டுவந்து மணலில் ஊற்றினார். மறுபடி போனார்.

"ஐயோ, கொடுங்கம்மா, நான் எடுத்துட்டு வரேன்."

"இது என் குடம். உங்க குடம் எங்க ஐயா?"

கோதண்டம் வீட்டுக்கு ஓடினார். தோளில் பித்தளைக் குடத்தோடு பஜாரில் திரும்பி வரும்போது மானமே போயிற்று.

"என்ன செயலாளரே, லாரி வரலையா?" டீக்கடையில் ஒரே சிரிப்பு.

அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். சிரித்தவர்களில் நாலு பேர் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தார்கள்.

ஊற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பம், அவர் ஊற்றுவதைப் பார்த்துக் கத்தினாள்.

"அங்க ஏன் ஊத்துறீங்க? அது எங்க அத்தை உட்கார்ற இடம்! எங்க இடம் இந்தா, இங்க." தன் குடத்தை அங்கே கவிழ்த்தாள்.

"உங்க அத்தைக்கும் ஒரு குடம் ஊத்தேன்" என்றார் நாச்சியாரம்மா.

"நான் எதுக்கு? அவங்களே வரட்டும்."

சொன்னவள் கரையேறிப் போய் அத்தையைக் கூப்பிட்டாள். அத்தை வந்தாள், குடத்தோடும் சண்டையோடும். "என் இடத்துல யாரு தண்ணி ஊத்துனது?" வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் தங்கள் இடம் ஞாபகம் வந்துவிட்டது. தெருத்தெருவாகக் குடங்கள் இறங்கின. பிளாஸ்டிக் குடம், எவர்சில்வர் குடம், ஒருவர் பெயின்ட் வாளி. பொழுது சாயும்போது சுடுமணல் என்று ஒரு சாண் இல்லை. நிற்க இடமில்லாமல் கமிட்டிக்காரர்கள் கரையில் நின்றார்கள்.

நாச்சியாரம்மா மைக் இல்லாமல் பாடினார். பாட்டு முடிந்ததும் எழுந்த கைதட்டலில் பாலத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன. கோதண்டம் வெட்கமில்லாமல் அழுதார்.

"ஜெயிச்சுட்டோம் அம்மா! இனிமே விழாவை எவனாலயும் மூட முடியாது!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா பாவம், ஜனங்க இடுப்பொடியச் சுமந்துட்டாங்க. நாளைக்கு ஒரு லாரி சொல்லிடட்டுமா?"

நாச்சியாரம்மா அவருடைய காலிக் குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"லாரி உட்கார்ந்து பாட்டுக் கேட்குமா ஐயா?"