மாசிலாமணி சுட்ட புளிப்பில்லா ரொட்டி

கோயம்புத்தூர் உணவுத் திருவிழாவில் கொச்சி யூதர் சமையலுக்கென்று ஒரே ஒரு கடைதான் இருந்தது. அதை நடத்திய சிப்போராவுக்கு ஒரு கவலை. அடுத்த வாரம் அவள் வீட்டில் பஸ்கா விருந்து. எர்ணாகுளத்திலிருந்து உறவினர் கூட்டமே வருகிறது. வழக்கமாகச் சமைக்கும் அம்மாளோ கையை முறித்துக்கொண்டு கிடந்தாள்.

அன்று ஒரு நாளைக்கென்று கடையில் அமர்த்தப்பட்ட சமையல்காரர் மாசிலாமணி, அந்த விருந்து வேலைக்கும் குறி வைத்திருந்தார். நேராகக் கேட்டிருக்கலாம். கேட்பது அவர் வழக்கமன்று. கோழிக்கறி பொதிந்து பொரிக்கும் பாஸ்டல் பலகாரத்தின் ஓரங்களைக் கை மடித்துக்கொண்டிருக்க, வாய் தன் போக்கில் விரிந்துகொண்டிருந்தது.

“யூதர் வீட்டுச் சமையலெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடுங்க, அம்மணி. மட்டாஞ்சேரியில ஒரு வீட்டுல மீன் குழம்பு வச்சேன். முள்ளை உருவினது மீனுக்கே தெரியலைங்க. சட்டிக்குள்ள நீந்திக்கிட்டே இருந்துது.”

“அப்ப குழம்பு ரொம்பத் தண்ணியா இருந்திருக்கும்” என்றார் நாச்சிமுத்து. தறிப்பட்டறைக்காரர், மூன்றாம் தட்டுக்காக வரிசையில் நின்றிருந்தார்.

சிப்போரா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “சனிக்கிழமைச் சாப்பாடு ஆக்குவீங்களாண்ணா? வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா நாங்க அடுப்பு பத்த வைக்க மாட்டோமே.”

“தெரியாதுங்களா? பொழுதோடயே தணல்ல ஏத்தி மூடிருவேன். ஒருக்கா மூடி லேசா விலகிருச்சுங்க. வாசம் வாளையார் வரைக்கும் போயி, ரயில் நின்னு போச்சு. கார்டு பச்சைக்கொடியைக் கழுத்துல கட்டிக்கிட்டுப் பந்தியில உக்காந்துட்டாரு.”

“அந்த ரயில்ல நானும் வந்தேனே. ஒரு வாசமும் வரலையே?” என்றார் நாச்சிமுத்து.

“உங்களுக்கு அன்னைக்குச் சளிங்க.”

வரிசை சிரித்தது. ஆனால் யாரும் நகரவில்லை, பாஸ்டல் அப்படி. கடித்தால் நொறுங்கியது, விரலில் எண்ணெய் ஒட்டவில்லை. அதைச் சிப்போராவும் கவனித்தாள். கவனித்தபடியே கேட்டாள்: “பஸ்கா ரொட்டி சுட்டிருக்கீங்களா?”

இதற்காகவே காத்திருந்தவர்போல் மாசிலாமணி கரண்டியை உயர்த்தினார்.

“நல்லாக் கேட்டீங்க! நான் சுட்டா அது ரொட்டியாங்க? கல்லுல போட்டதும் உப்புச்சு. பானையாட்டம் உப்புச்சு, யானையாட்டம் உப்புச்சு. ஓட்டுக் கூரையை முட்டுச்சு. அப்புறம் வீட்டையே அலாக்காத் தூக்கிக்கிட்டு மேல போயிருச்சுங்க. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா மருதமலை கீழ தெரியுது!”

சிப்போரா தட்டைக் கீழே வைத்தாள்.

“அண்ணா, எங்க முன்னோர் எகிப்துல இருந்து தப்பிச்சு ஓடினப்ப மாவு புளிக்கக்கூட நேரமில்ல. அதை நினைச்சுத்தான் தட்டையாச் சுடறோம். அந்த ரொட்டி உப்பவே கூடாது. கொஞ்சம் உப்பினாலே ஒதுக்கிருவோம். நீங்க வீட்டையே தூக்கியிருக்கீங்க.”

நாச்சிமுத்துவின் வாயிலிருந்து பாஸ்டல் தெறித்தது. மாசிலாமணியின் கரண்டி மெல்லத் தாழ்ந்தது. விருந்து வேலை வாளையார் தாண்டிப் போய்க்கொண்டிருப்பதை அவர் கண்ணாலேயே பார்த்தார். ஆனாலும் மூன்று பாஸ்டலைத் திருப்பிப் போடும் நேரம்தான், குரல் திரும்பிவிட்டது.

“முழுசாச் சொல்ல விட்டீங்களா, அம்மணி? தப்புன்னு தெரிஞ்சதும் விட்டுருவேனா? மேல இருந்து அது மேலயே குதிச்சேன். ஒரே மிதி. தட்டையோ தட்டை. இந்த மைதானம் மேடு பள்ளம் இல்லாம எப்படிக் கிடக்குதுன்னு நினைச்சீங்க? நாம எல்லாம் இப்ப நிக்கிறது அந்த ரொட்டி மேலதானுங்க.”

நாச்சிமுத்து தம்மையறியாமல் செருப்பைத் தூக்கிக் கீழே பார்த்தார்.

சிப்போரா புதிதாகப் பொரிந்த பாஸ்டல் ஒன்றை எடுத்து, நிதானமாக மென்று முடித்தாள்.

“அடுத்த வாரம் வந்துருங்கண்ணா.”

மாசிலாமணியின் முகம் மகிழ்ச்சியில் பானையாட்டம் உப்பியது. “நிஜமாங்களா, அம்மணி?”

“நிஜமாத்தான். ஆனா பஸ்காவுக்கு முன்னாடி புளிச்சு உப்பினதையெல்லாம் நாங்க வீட்டை விட்டு வெளியேத்தியாகணும். அதனால கையை மட்டும் கொண்டாங்க. வாயை உங்க வீட்டுலயே வச்சுட்டு வந்துருங்க.”