ஆப்பமாவுக்கு ஒரு சிரட்டை

பூதலிங்கத்தின் ஒற்றை மாட்டு வண்டியை ஓட்டுவது அவர்தான் என்று ஊரில் யாரும் முழுமனதாக ஒப்புக்கொள்வதில்லை. பொழுது சாயும் நேரத்தில் வண்டி கள்ளுக்கடைப் பக்கம் வந்தால் செவலைக்காளை தானாக நின்றுவிடும். கயிற்றை இழுக்க வேண்டாம், நாக்கைச் சொடுக்க வேண்டாம். அவர் இறங்கிப் போய் ஒரு கலயம் குடித்துவிட்டு ஏறும்வரை அது அசைபோட்டபடி நிற்கும். பிறகு அவர் தூங்கிப்போனாலும் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பொறுப்பான மாடு என்று ஊரே அதைப் பாராட்டியது.

மலையடிவாரத்து மடத்துக்கு அரிசியும் தேங்காயும் விறகும் ஏற்றிப்போவது அவர் வேலை. மடத்தை நடத்தியவள் ஆவுடையம்மை. பூதலிங்கத்தைவிட வெகு இளையவள். மலைக்கோயிலுக்குப் போகிறவர்களுக்குக் காலையில் ஆப்பம் சுட்டுப் போடுவதுதான் அவளுக்கு முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். வெள்ளிக்கிழமை மட்டும் வந்தவர்களோடு கொஞ்சம் பேசுவாள். பூதலிங்கம் எல்லோருக்கும் பின்னால் தூணோரம் உட்கார்ந்து கேட்பார். வெளியே தன்னை அவளுடைய சீடர் என்று சொல்லிக்கொள்வார். அவள் அப்படிச் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

ஒருநாள் மத்தியானம் விறகை இறக்கிப் போட்டபின் அவர் போகாமல் நின்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"அம்மை, உங்க கையில அடிச்சு ஒரு சத்தியம் பண்ணணும். இனிமே கள்ளைத் தொட மாட்டேன்னு."

"இப்போ என்ன வந்துது?"

அவர் சொன்னார். மகள் நாச்சியாருக்குத் தலைப்பிள்ளை. வளைகாப்பு முடிந்ததும் அப்பன் வீட்டுக்கு வரவேண்டியவள். வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, கூப்பிடப் போயிருந்தார். அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"சம்பந்தக்காரங்க எல்லாரும் இருக்கும்போது கேட்டா அம்மை. 'பொழுது சாஞ்சா ஆளில்லாத வீடு அது. எனக்கு வலி எடுக்கும்போது நீங்க வண்டியில மல்லாந்து கெடந்தா, மருத்துவச்சியக் கூப்பிட யாரு போவா, மாடா?'ன்னு."

மனைவி செத்துப்போனபிறகு அவருக்கு என்று இருப்பது அந்த ஒரு பிள்ளைதான். அவளும் வாசல் மிதிக்க மாட்டேன் என்றால் பிறகு அந்த வீடு எதற்கு?

"இதுக்கு முன்னால சத்தியம் பண்ணியிருக்கீயளா?"

"சுடலை கோயில்ல பண்ணியிருக்கேன். கற்பூரத்தை அணைச்சுப் பண்ணியிருக்கேன். மஞ்சக்கயிறும் கட்டிப் பாத்தாச்சு."

"முறிஞ்ச அன்னைக்கு எவ்வளவு குடிச்சீய?"

"முறிஞ்சதுதான் முறிஞ்சு போச்சேன்னு ரெண்டு கலயம்."

"சத்தியம் இல்லாத நாள்ல?"

"ஒண்ணு."

"அப்போ சத்தியத்துக்குன்னு ஒரு கலயம் கூடியிருக்கு."

பூதலிங்கம் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

ஆவுடையம்மை அடுக்களைக்குள் போய் ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துவந்து அவரிடம் கொடுத்தாள்.

"மாவுக்குக் கள்ளு கொண்டுவாற ஆளு ஊரை விட்டுப் போயிட்டாரு. இன்னையிலேருந்து நீங்க கொண்டாங்க. இதால ஒரு சிரட்டை. அன்னைக்கு எறக்குன இளங்கள்ளா இருக்கணும்."

"கள்ளை விடணும்னு வந்து நிக்கேன். என்னைப் போயி கள்ளு வாங்கிட்டு வரச் சொல்லுதீயளே."

"எப்படியும் அங்க எறங்கத்தானே செய்யுதீய."

"அப்போ என் கலயம்?"

"அது உங்க பாடு. மாவுக்கு விட்ட பிறகு உங்க வாய்க்கு. அவ்வளவுதான்."

அந்தப் பக்கத்தில் ஆப்பமாவு பொங்குவதற்குக் கள்தான் விடுவார்கள். சாயங்காலம் விட்டுக் கலக்கி மூடிவைத்தால் காலையில் பானை விளிம்புக்கு வந்து நிற்கும். மடத்து அடுக்களையில் கள்ளா என்று மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு. ஆவுடையம்மை அவர்களோடு வாதாட மாட்டாள். இலையில் இன்னொரு ஆப்பம் வைப்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

முதல் நாள் பூதலிங்கம் நல்ல எண்ணத்தோடுதான் கடைக்குப் போனார். பழைய கூட்டாளிகள் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தால் மாவு என்ன கோபித்துக்கொள்ளவா போகிறது என்று நினைத்தார். ஒரு வாய் கலயம் முழுக்க ஆனபோது இளங்கள் தீர்ந்திருந்தது. மத்தியானத்துப் பானையில் அடியில் கிடந்ததைச் சிரட்டையில் வடித்துக்கொண்டு மடத்துக்கு வந்தார்.

"நீங்களே விடுங்க," என்றாள் ஆவுடையம்மை. அவர் மாவில் ஊற்றினார். அவள் பக்கத்தில்தான் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை தேங்காய் இறக்க வந்தவரை உட்காரவைத்து ஆப்பம் போட்டாள். ஓரம் பூக்கவில்லை, நடு பொங்கவில்லை. புளிப்பு பல்லைக் கூசவைத்தது.

"ஊத்தும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மை."

"உங்களுக்கு வாசனை தெரியலையா?"

அவர் இலையைப் பார்த்தார். "தெரிஞ்சுது. மன்னிச்சிருங்க."

"எங்கிட்ட எதுக்குக் கேக்கீய? தின்னவங்க மலை ஏறிட்டாங்க. மசக்கைக்காரப் புள்ளை ஒண்ணு வந்திருந்துது. ஒண்ணும் சொல்லாம தின்னுட்டுப் போச்சு."

பூதலிங்கம் அந்த ஆப்பத்தை மிச்சம் வைக்காமல் தின்றார்.

அன்று சாயங்காலம் கடையில் உட்காரவில்லை. இளங்கள்ளாக ஒரு கலயம் வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டு நேரே மடத்துக்கு வந்தார். வழியெல்லாம் அந்த வாசனை மூக்கில் ஏறியது. கை ரெண்டு தடவை கலயத்துப் பக்கம் போய்த் திரும்பியது. மாடு வேறு, இது என்ன புதுப்பழக்கம் என்கிற மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"சிரட்டைக்கு மேல ஒரு சொட்டு வேண்டாம்," என்றாள் ஆவுடையம்மை. "கூடுனா புளிச்சிரும். கையால கலக்குங்க, கைச்சூடு வேணும்."

அவர் கலக்கினார். அடுக்களை இருட்டிக்கொண்டு வந்தது.

"எனக்குக் கை ஈரம். விளக்கைப் பொருத்துங்க அண்ணாச்சி."

கையைக் கழுவி வந்து தீப்பெட்டியை எடுத்தவர் அப்படியே நின்றார்.

"என்ன?"

"வீட்டுக்காரி போனபிறகு நான் விளக்குப் பொருத்துனதில்ல அம்மை. இந்த நேரம் வந்தா வீட்டுக்குள்ள கால் வைக்க முடியல்ல. ஒரே இருட்டு. அதுக்குத்தான் அங்க எறங்கிருதேன்."

வேறு யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. ஆவுடையம்மை ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார்.

"திரி கருகியிருக்கும். தூண்டி விட்டுட்டுப் பொருத்துங்க," என்றாள் அவள்.

அவர் பொருத்தினார். அதன் பிறகு அவள் கஞ்சி ஊற்றிவைத்தாள். ஆறுகிற கஞ்சியை விட்டுவிட்டுக் கலயத்தைத் தூக்குவது மரியாதையாக இருக்காது என்று முதலில் கஞ்சியைக் குடித்தார். பிறகு பார்த்தால் வயிற்றில் இடமில்லை. வீம்புக்குக் குடித்தார். அன்றிரவு முழுக்க வயிறு உப்பிக்கொண்டு புரண்டு படுத்தார்.

நாள் போகப்போக, வீம்புக்குக் குடிப்பது முட்டாள்தனமாகத் தெரிந்தது. மிச்சத்தைக் கொல்லையில் நின்ற வாழை மரத்து மூட்டில் ஊற்றினார். வாழைக்கு ஊற்றுவதற்கு எதற்குப் பெரிய கலயம் என்று சின்னக் கலயம் வாங்க ஆரம்பித்தார். கடைக்காரர், "உடம்புக்கு ஏதும் முடியலையா அண்ணாச்சி?" என்று உண்மையான கவலையோடு விசாரித்தார்.

நேர்கோடாக ஒன்றும் போய்விடவில்லை. நடுவில் ஒரு கூட்டாளி செத்துப்போனான். அந்த வீட்டிலிருந்து கிளம்பி, மாவுக்கு ஊற்றிவிட்டு, திரும்பக் கடைக்கே போய் மூக்கு முட்டக் குடித்தார். மறுநாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"நேத்துக் குடிச்சிட்டேன் அம்மை."

"மாவுக்கு விட்டுட்டுத்தானே போனீய?"

"ஆமா."

"காலையில நல்லாப் பொங்கியிருந்துது. தேங்காயைத் துருவுங்க."

இப்படி இருக்கும்போது நாச்சியாரிடமிருந்து ஆள் வந்தது. ஒரு பொழுது வந்து பார்க்கிறேன், பார்த்துவிட்டுத்தான் இருப்பதா திரும்புவதா என்று சொல்வேன் என்றாளாம். பூதலிங்கம் ஜமுக்காளத்தை உதறி விரித்துக்கொண்டு போய் மகளை ஏற்றிவந்தார். வயிற்றைத் தாங்கிக்கொண்டு, துணிமூட்டையை மடியோடு வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

கள்ளுக்கடை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்று ஒருநாள் இறங்காமல் போய்விட்டால் என்ன? மகள் பார்த்துச் சந்தோஷப்படுவாள். ஆனால் நாளைக் காலை மடத்தில் ஆப்பம் ஓடு மாதிரி இருக்கும். அதை யாரோ ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டு மலை ஏறுவார்கள். நல்லவனாக இருப்பதா, நல்லவனாகத் தெரிவதா என்று அவருக்குப் புரியவில்லை. கயிற்றை இழுப்பதா வேண்டாமா என்று அவர் முடிவெடுக்கும் முன்னே செவலை நின்றுவிட்டது.

நாச்சியார் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

"மாடு மறக்கல்ல பாத்தீயளா."

பூதலிங்கம் இறங்கினார்.

"யப்பா, நான் வண்டியில இருக்கேன்."

"இப்போ வந்திருதேன் மக்கா."

"நான் இருக்கும்போதே எறங்குதீய. அப்போ நான் இல்லாதபோ?"

அவர் சின்னக் கலயத்தோடு திரும்பி வந்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"வண்டியைத் திருப்புங்க. நான் போறேன்."

"திருப்புதேன். அதுக்கு முன்னால மடத்துக்கு ஒரு எட்டு போயிட்டுப் போவோம். மாவு காத்துக்கெடக்கு."

"என்ன மாவு?"

"வந்து பாரு மக்கா," என்றார்.

மடத்து வாசலில் வண்டி நின்றதும் நாச்சியார், "மாட்டை அவுக்காதீங்க," என்றாள். மூட்டையை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

அடுக்களையில் ஆவுடையம்மை மாவுப்பானையை நகர்த்தி வைத்திருந்தாள். பூதலிங்கம் சிரட்டையில் கள்ளை அளந்து ஊற்றினார். கையால் கலக்கினார். கையைக் கழுவினார். திரியைத் தூண்டி விளக்கைப் பொருத்தினார். ஆவுடையம்மை கேட்காமலே செய்துகொண்டு போனார். வாசல்நிலையைப் பிடித்தபடி நாச்சியார் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா விளக்குப் பொருத்தி அவள் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது.

ஆவுடையம்மை எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினாள். மகளும் குடித்தாள்.

பிறகு ஒன்றுதான் பாக்கி இருந்தது. கலயத்தில் கொஞ்சம் கள். வாழை மூட்டில் ஊற்றிவிடலாம் என்று பூதலிங்கத்துக்குத் தோன்றியது. மகள் பார்க்கிறாள் என்பதற்காக அப்படித் தோன்றுகிறது என்றும் தெரிந்தது. இரண்டு மிடறு இருக்கும். அவள் பார்க்கவே குடித்தார். கலயத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"முந்தி இது பெரிய கலயம் மக்கா," என்றார். "இப்போ இவ்வளவு. உன்கிட்ட மறைக்க ஒண்ணுமில்ல."

வெளியே போய் மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். திருப்பச் சொன்னால் திருப்பவேண்டும். உள்ளே பேசுவது கேட்டது.

"அம்மை, அந்தக் கொஞ்சமும் எப்போ நிக்கும்?"

பானைமேல் தட்டை வைக்கிற சத்தம் கேட்டது.

"மாவைப் பாத்தியா? பொங்கியிருக்கா?"

"இப்போதானே கலக்குனாவ. அப்படியேதான் இருக்கு."

"காலையில எவ்வளவு பொங்கியிருக்கும்?"

"அது எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது. தினமும் மூடி வச்சிட்டுத்தான் படுக்கேன். நீ இருந்து காலையில பாரு."

செவலை ஒருமுறை தலையை ஆட்டியது. பிறகு நாச்சியார் வெளியே வந்தாள். வண்டிப் பக்கம் போய்த் துணிமூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மாட்டை அவுத்து விடுங்க யப்பா. எவ்வளவு நேரம் நிக்கும்?"

பூதலிங்கம் நுகத்தடிக் கயிற்று முடிச்சை அவிழ்க்கக் குனிந்தார்.